நாயுடு நின்ற இடம்

"ஓடிப்போனவரு" என்று என் வீட்டுக்காரரை இன்னொரு தரம் சொன்னால் இந்தக் குடத்தை உன் தலையில் கவிழ்த்துவிடுவேன் என்று ஜெயகுமாரியிடம் சொன்னேன். குழாயடியில் அத்தனை பேர் முன்னால்தான் சொன்னேன். எனக்கென்ன வெட்கம்?

"நானா சொல்றனுங்க அற்புதக்கா, ஊரே சொல்லுதுங்க. சண்டையிலயும் பாதியில ஓடியாந்தாரு, ஊட்டுல இருந்தும் பாதியில ஓடிட்டாருன்னு."

"ஊருக்கு வாய் இருக்குது, கண்ணு இருக்குதா? அவரு போறப்ப நீ உங்கூருல பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருப்ப. பட்டப்பகல்ல, சவரம் பண்ணிக்கிட்டு, வயிறாரச் சோறு தின்னுட்டு, செருப்பு மாட்டிக்கிட்டுப் போன மனுசன். ஓடறவன் நின்னு செருப்புத் தேடுவானா?"

"அப்புறம் ஏனுங்க திரும்பி வரல?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் எந்த ஊருக்குப் புறப்பட்டாரோ அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சாட்சி உண்டு. பிற்பாடு என் பெரிய மருமகன் ஆந்திராவுக்கே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். அங்கிருந்து வடக்கே ரயில் ஏறினாராம். அதற்கப்புறம்தான் தகவல் இல்லை. தகவல் இல்லாததும் ஓடிப்போனதும் ஒன்றா? எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும். சொல்கிறபடி எழுது கண்ணு. நடுவில் அழகுபடுத்தாதே.

என் வீட்டுக்காரர் பெயர் பெரியநாயகம். மலைமேல் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பட்டாளத்துக்குப் போவதற்கு முன்பு எங்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் அது அவர் கைவேலைதான். ஓடைப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசியைக் கத்தியால் தோல் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டு வந்து புல்தரையாக விரிப்பார். களிமண்ணில் ஆடு செய்தால் அது இப்போது கத்திவிடும் போலிருக்கும். பங்குச் சாமியாரே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பெரியநாயகம், இந்த ஆட்டுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். அப்படி ஒரு மூஞ்சி அதற்கு.

குடிலில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தைச் சாமியைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களைக் கிறிஸ்துமஸ் அன்றைக்கே பாலன் பக்கத்தில் வைத்துவிட மாட்டோம். அவர்கள் தூர தேசத்திலிருந்து வர வேண்டும் அல்லவா? கடைசி ஓரத்தில் வைத்து, தினமும் ஒரு விரற்கடை நகர்த்துவோம். ஜனவரியில் ராஜாக்கள் திருநாள் அன்றைக்குத்தான் குடிலுக்குள் வந்து சேர்வார்கள். ஒரு நாள் மறந்துவிட்டு மறுநாள் இரண்டு நாளுக்குச் சேர்த்து நகர்த்தினால் என் மாமியார் கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள். "ஒட்டகம் என்னடா பறந்தா வந்துச்சு?" என்பாள். அந்த வளர்ப்பு அவருடையது.

எழுபத்தொன்றில் சண்டை வந்தது. அவர் பட்டாளத்தில் ஜீப் டிரைவர். சாதாரண ஜீப் இல்லை. டாங்கிகளை அடிப்பதற்காக முதுகில் நீளமான பீரங்கி ஏற்றிய ஜீப். ஓட்டுவது இவர், சுடுவது அப்பலநாயுடு என்கிறவர். ஆந்திராவில் பொப்பிலிப் பக்கத்து ஆள். பச்சை மிளகாயைக் கொய்யாப் பழம்போல் கடித்துத் தின்பாராம். அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, ஊரில் அம்மா ஒருத்திதான். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் எங்கள் பேச்சைவிட நாயுடு பேச்சுத்தான் இவர் வாயில் அதிகம். "நாயுடு அப்படிச் சொன்னான், நாயுடு இப்படிச் சிரிச்சான்" என்று. பார்க்காத மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

டிசம்பரில் ஒரு காலை, வடக்கே எல்லையில் நாணல் மண்டிய ஒரு வெளியில், எதிராளியின் மூன்று டாங்கிகள் வந்தன. இரண்டை இவர்கள் அடித்து எரித்தார்கள். மூன்றாவது வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். முழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கையில் மூன்று விரல் இல்லை. இடது காது கேட்கவில்லை. நாயுடுவைக் கேட்டால், செத்தவர்களிலும் இல்லை, பிடிபட்டவர்களிலும் இல்லை, காணவில்லை என்றார்கள்.

ஜெயகுமாரியின் மாமனார் சூசைமாணிக்கம் அதே பட்டாளத்தில் சமையல்காரர். சண்டை நடந்த இடத்துக்கு எவ்வளவோ தூரம் பின்னால் பருப்பு கடைந்துகொண்டிருந்தவர். அவர் ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்: "ஜீப்பு மூஞ்சி நம்ம பக்கம் திரும்பிக் கெடந்துச்சாமுங்க. நாயுடு கீழ எறங்கியிருந்தப்பவே நம்மாளு வண்டிய எடுத்துட்டாரு போல." போல என்றுதான் சொன்னார், பாவம். ஊர் அந்தப் 'போல'வை டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரில் கேட்டவர்களிடமும், "இருக்கலாமுங்க. எனக்கு நெனப்பு இல்லீங்க" என்றார். "ஏனுங்க, செய்யலைன்னு சொல்லறதுக்கென்ன?" என்று கத்துவேன். "செஞ்சனா இல்லையான்னு எனக்கே தெரியல அற்புதம். தெரியாதத எப்படிச் சொல்றது?" என்பார். அதற்கப்புறம் கோயிலில் குடில் வைக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. ஜோடனை செய்த தெர்மாகோல் குடிலைச் சேலத்திலிருந்து வாங்கி வந்து வைத்தார்கள்.

பென்ஷன் வந்தது, எஸ்டேட்டில் காப்பிப் பழம் தோல் உரிக்கிற பல்ப்பர் கொட்டகையில் வேலையும் கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவருக்கு ஒன்றுதான் ஏக்கம். நாயுடுவின் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருசமும் கிளம்புவார், பெட்டியை எடுத்து வைப்பார், திரும்பப் பரணில் தூக்கிப் போடுவார்.

"போய் என்னன்னு நிப்பேன்? உம் புள்ளைய உட்டுட்டு வந்தவனா, உடாதவனா? அது தெரியாம அந்தம்மா வாசல மிதிக்க முடியாது புள்ள."

எங்கள் கட்டில் உடைந்தது ஒரு மழைக்காலத்தில். பலகையை அடுப்புக்குப் பிளந்து போடச் சொன்னேன். அவர் அதை மூலையில் நான்கு கட்டைகள்மேல் ஏற்றி வைத்துக் கழுவித் துடைத்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அந்த எடத்தை அப்படியே செஞ்சு பாத்தன்னா, எனக்கு நெனப்பு வந்துருமுல்ல?" என்றார். என்னைக் கேட்டாரா, பலகையைக் கேட்டாரா, தெரியாது.

முதல் சண்டையே மண்ணில் வந்தது. எங்கள் மலையில் மண் சிவப்பு. அந்த இடத்து மண் சாம்பல் நிறமாம். சேலத்துக்குப் போய் ஆற்று மணல் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, மலைக்கே மண்ணு கொண்டு போறீங்களா? மேல தீந்து போச்சுங்களா?"

"இது வேற மண்ணுங்க."

"இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடறதா, ஆளு டிக்கெட் போடறதா?"

பஸ்ஸே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி அவரும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்ததால் மணல் வீடெல்லாம் சிந்தியதை நான் பொறுத்துக்கொண்டேன்.

அளவுக்கு அவர் வைத்தது தீக்குச்சி. ஒரு தீக்குச்சி ஒரு கஜம். ஆள் என்றால் இரண்டு குச்சி உயரம், ஜீப் நாலு குச்சி நீளம், டாங்கி ஏழு குச்சி. காப்பிக் கட்டையில் டாங்கி செதுக்கினார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்த இரண்டால் கட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு இடது கையால் கத்தி போட்டார். எத்தனை முறை கிழித்துக்கொண்டார் என்பதை என் பழைய சேலைகள் சொல்லும். சைக்கிள் டியூபைக் கீறிச் சங்கிலிப் பட்டையாகச் சுற்றினார். டாங்கியின் குழாய்க்கு என் குடைக்கம்பி போயிற்று. சிப்பாய்ப் பொம்மைகள் கையில் துப்பாக்கிக்கு என் கொண்டை ஊசிகள் போயின. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பழம் பறிக்கப் போனால் மேஸ்திரி, "என்ன அற்புதம், பேய் புடிச்சிருச்சா?" என்கிறான். "ஆமா, பட்டாளப் பேய்" என்றேன்.

டிரான்சிஸ்டரின் ஏரியல் போன அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே சண்டை போட்டேன்.

"பாட்டு கேக்கற ஒரு சாமான், அதையும் ஒடச்சுட்டீங்களே."

"உள்ள ஓட்டையா, மெலிசா, நேரா ஒரு குழாய் வேணும். பீரங்கிக்கு."

"அப்ப ரேடியோவுக்கு?"

"கம்பி கட்டித் தரேன்."

கட்டித் தந்தார். சிலோன் எடுத்த ரேடியோ அப்புறம் கரகரப்பு மட்டும்தான் எடுத்தது.

களம் முழுதாயிற்று. எரிந்த டாங்கிகள் இரண்டு, கரி பூசி. தூரத்தில் மூன்றாவது. இந்தப் பக்கம் ஜீப், அதன்மேல் பீரங்கி. ஜீப்புக்குப் பின்னால் நாணலுக்காகக் காய்ந்த புல் கதிர்களை ஒவ்வொன்றாக நட்டிருந்தார். ஸ்டீரிங்கில் அவர். எல்லாம் இருந்தது, நாயுடு இல்லை. செய்யவில்லை என்று இல்லை. முதலில் செய்ததே நாயுடுவைத்தான். முறுக்கு மீசை, சட்டைக் கையை மடித்த விதம், எல்லாம். ஆனால் எங்கே நிற்க வைப்பது? பீரங்கி பக்கத்தில் வைப்பார், எடுப்பார். ஜீப்புக்குக் கீழே வைப்பார், எடுப்பார். கடைசியில் பித்தளை டம்ளருக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார். நான் சோற்றுக்கு உட்காரும்போது டம்ளரிலிருந்து அந்த ஆள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

களிமண் பொம்மை, கையில் ஊசி. ஊர் சும்மா இருக்குமா? பெரியநாயகம் செய்வினை வைக்கிறார் என்று கிளப்பிவிட்டார்கள். ஒருநாள் பக்கத்து லைன் வீராயி, பேரனுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று வந்து வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே வரமாட்டாள்.

"அற்புதம், உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லாத்தா. எம் பேரன் பொம்மைய மட்டும் கலச்சுடச் சொல்லு. சேவல் வேணுமுன்னா தரேன்."

அவர் எழுந்து போய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து பலகை முன்னால் உட்கார வைத்தார். கிழவி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஊசிய நெஞ்சுல குத்தலீங்களா?"

"கையில புடிச்சிருக்கறாங்க பாருங்க. துப்பாக்கி."

"இதென்ன, பெருக்கான் எலியாட்டம்?"

"டாங்கிங்க. இது பீரங்கி. முன்னால குண்டு போவும், பின்னால நெருப்பு கக்கும். பின்னால புல்லு இருந்தா பத்திக்கும், ஆளு இருந்தாக் கருகிருவான்."

"அட கெரகமே, ரெண்டு பக்கமும் கடிக்கற நாயா!" வீராயி டம்ளரைப் பார்த்துவிட்டாள். "இவரு யாரு, தனியா?"

"என் கூட்டாளிங்க. எங்க நின்னாருன்னு தெரியலீங்க."

வீராயி எழுந்து, மடியிலிருந்த திருநீற்றைத் தொட்டு டம்ளருக்குள் இருந்த நாயுடுவின் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள். பேரனுக்குக் காய்ச்சல் தானாக விட்டது. அதன்பிறகு வீராயி எங்கே யார் செய்வினை என்றாலும், "நான் பாத்தனாக்கும், பட்டாளத்துப் பொம்ம" என்று சண்டைக்குப் போவாள்.

அந்த வருசம் கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டில் குடில் வைக்கிற மூலையில்தான் பலகை இருந்தது. பாலன் அரிசிப் பானை மேல் போனார். பிறந்த சாமிக்கு இடமில்லை, டாங்கிக்கு இடமிருக்கிறது என்று பாடல் பாட வந்தவர்களே முணுமுணுத்தார்கள். நான் ராஜாக்களை அலமாரி ஓரத்தில் வைத்து நகர்த்த ஆரம்பித்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பலகைப் பக்கம் போனார். மூன்றாவது டாங்கியை ஒரு தீக்குச்சி அளவு முன்னே தள்ளினார்.

"இத்தன நாளும் அத நிறுத்தியே வச்சுட்டேன் அற்புதம். அது நின்னுக்கிட்டா இருந்துச்சு? வந்துக்கிட்டல்ல இருந்துச்சு."

தினமும் காலையில் நான் ராஜாக்களை நகர்த்தினால் அவர் டாங்கியை நகர்த்துவார். பலகைக்கு முன் குந்தி, அது எந்தப் புதரைத் தாண்டுகிறது, ஜீப்பிலிருந்து பார்த்தால் தெரியுமா என்று பார்ப்பார். ஒருநாளும் இரண்டு நாளுக்குச் சேர்த்துத் தள்ளவில்லை.

ராஜாக்கள் திருநாள் வந்தது. பூசைக்குப் போய்வந்து ராஜாக்களைப் பாலனிடம் சேர்த்துவிட்டு நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவர் தீப்பெட்டியை உடைத்து மருந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டாங்கி வந்துவிட்டதாம், இனிச் சுட வேண்டுமாம். ஏரியல் குழாயில் மருந்தைக் கெட்டித்து ஊதுவத்தியால் தொட்டார். புஸ்ஸென்றது. முன்னால் ஒன்றும் பெரிதாகப் போகவில்லை. பின்னால் ஒரு சாண் நெருப்புச் சீறி, காய்ந்த கதிரெல்லாம் பற்றிக்கொண்டது.

நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தேன். "ஊத்தாத!" என்று கத்தினார். அப்படி அவர் என்னிடம் கத்தியதே இல்லை. புகை வீட்டை நிறைத்தது. அவர் அதற்குள் முகத்தை நீட்டி நின்றார். இருமினார். கண்ணில் நீர் ஊற்றிற்று.

"இந்த நாத்தந்தான்," என்றார். "பின்னால நாணல் எரியுது. நான் இருமறேன். நாயுடு இல்ல. அவன் முன்னமே போயிட்டான்."

"எங்கங்க?"

"எரிஞ்ச டாங்கிகிட்ட. அதுல ஒருத்தன் பொழச்சுக் கெடந்து தண்ணி, தண்ணின்னு கத்துனான். போவாதடான்னேன். 'அவனுக்கும் அம்மா இருப்பாடா'ன்னு தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு எறங்கிட்டான். மூணாவது டாங்கி அவன் பக்கம் திரும்புச்சு. நான் பின்னால ஏறிச் சுட்டேன். மொத ரெண்டும் வேற எடத்துல நின்னு சுட்டது, நாணல் பத்துனது நான் சுட்டதுல."

மூச்சு வாங்கிற்று அவருக்கு.

"வண்டிய எடுத்துட்டு ஓடறவன் பீரங்கிய சுடுவானா? நான் போவல அற்புதம். அவன் வரட்டும்னு அங்கயேதான் நின்னிருக்கறேன். குண்டு விழுந்துதான் வண்டி திரும்பியிருக்கோணும்."

அப்புறம்தான் தண்ணீரை ஊற்றவிட்டார். ஈரமும் கரியுமாகக் கிடந்த களத்தில், எரிந்த டாங்கி ஒன்றின் பக்கத்தில் நாயுடுவைக் குனிந்தபடி வைத்தார். அன்றைக்கு வைத்தவர் அங்கேயேதான் இருக்கிறார். கோழி ஏறாமல் பலகைமேல் பழைய கொசுவலை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

மறுநாளே பெட்டி இறங்கியது. நான் மறித்தேன்.

"பழம் பாதி செடியிலயே இருக்குது. பல்ப்பர் ஓடற மாசத்துல போறேங்கறீங்க."

"அந்தம்மாவுக்கு வயசாவுதில்ல?"

"ஒத்தக் காத வச்சுக்கிட்டு, பாஷ தெரியாத ஊருல என்ன பண்ணுவீங்க?"

"சோறு, தண்ணி, அம்மா. மூணும் தெலுங்குல தெரியும். அதுக்கு மேல என்னத்துக்கு?"

"சரி, சொல்லிட்டு உடனே வந்துருங்க."

அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "சொல்றேன். உன் மவன் தண்ணி குடுக்கப் போனான்னு சொல்றேன். அப்புறம் எங்க போனான்னு அந்தம்மா கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரியும். ஒன்றுமில்லாத டீக்கடைப் பேச்சுக்கே 'இல்லை' என்று சொல்ல முடியாமல் இத்தனை வருசம் மண்ணும் மரமும் கட்டிக்கொண்டு அழுதவர், பெற்றவளிடம் 'தெரியாது' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பல்ப்பர் ஓட்டுவாரா? தெரிந்துதான் புளிச்சோறு கட்டினேன். கொஞ்சம் கூடுதலாகவே கட்டினேன். ரயிலுக்குக் கம்பளி வேண்டாம் என்றார். அமுக்கி வைத்தேன்.

சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்று, "வரட்டா புள்ள?" என்றார். "வாங்க" என்றேன். போங்க என்று சொல்லக் கூடாது.

டீக்கடை முன்னால் சூசைமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, பொட்டியோட எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டது எனக்கு வாசலிலேயே கேட்டது.

"நாயுடு ஊட்டுக்குங்க," என்றார். நடையை நிறுத்தவில்லை.

பஸ் வந்தது. வளைவில் ஒரு தரம் தெரிந்து, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, கீழ் வளைவில் இன்னொரு தரம் தெரிந்தது. வாசல் களத்தில் மிளகு காயப்போட்டிருந்தேன். பனி இறங்குவதற்குள் அள்ள வேண்டும் என்று கை சொன்னது. பனி இறங்கி மிளகெல்லாம் ஈரமாகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.